பெண் வழி ஊர்தான், ஆனால் பெர்மிட் அப்பாவின் பெயரில்

மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய அம்மாவுக்கு 1979 இல் கல்யாணத்தோடு கடற்கரை ஓரமாக 40 பேர்ச் வளவும் ஒரு கல்வீடும் கிடைத்திருக்கின்றன. அம்மம்மா சீதன உறுதி முடித்துக் கொடுத்தது. 2004 சுனாமியில் வீடும் போனது, உறுதியும் போனது. அந்த இடம் 200 மீற்றர் தடை வலயத்துக்குள் வந்ததால் உள்ளே தள்ளி அரச காணியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அதன் பெர்மிட்டை, அதாவது அரச காணியில் இருக்க அரசு கொடுக்கும் அனுமதிப் பத்திரத்தை, ‘குடும்பத் தலைவர்’ என்று அப்பாவின் பெயரில் எழுதினார்கள். பிள்ளைகள் மூன்று பேர்: அண்ணன், நடுவில் இவர், கடைசியில் தங்கை. 2008 இல் இவருக்குக் கல்யாணம். நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இவர் வீட்டுக்கு வந்தார், புது வீடு உனக்குத்தான் என்று அம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். தடை தளர்ந்த பிறகு கடற்கரை வளவைத் தங்கைக்கு என்று வாயால் சொல்லி வைத்தார்கள், 2014 இல் கல்யாணமான தங்கை அங்கே வீடு கட்டி இருக்கிறார். அம்மா 2015 இலும் அப்பா 2021 இலும் காலமாகிவிட்டார்கள். ஒன்றுக்கும் உறுதி இல்லை.

இப்போது கல்முனைப் பக்கம் மனைவி வீட்டில் இருக்கும் அண்ணன் வந்து, பெர்மிட் ஆண் பிள்ளைக்குத்தான் போகும், வளவிலும் எனக்குப் பங்கு உண்டு, பத்து லட்சம் தந்தால் விட்டுத்தருகிறேன் என்கிறார். கட்டாரில் வேலை செய்து இரண்டு அறையும் குசினியும் கட்டிய கணவர், பெர்மிட்டை என் பெயருக்கு மாற்று, பொம்பிளை பெயரில் இருந்தால் எப்படியும் புருஷன் கையெழுத்து வேண்டும்தானே என்கிறார். சகோதரி கேட்பது இது: “நாங்கள் தாய்வழிக் குடி. முக்குவர் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் வீடு பெண்ணுக்குத்தானே? அதை வைத்து அண்ணனை நிறுத்த முடியாதா அக்கா?”

தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நிறுத்தலாம், ஆனால் அதை வைத்து அல்ல. அண்ணன் சொல்வதில் பாதி சரி, கணவர் சொல்வதில் அநேகமாக எல்லாமே பிழை. உங்கள் கையில் பலமான ஒரு வாதம் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

முக்குவர் சட்டம் கைகொடுக்குமா?

கொடுக்காது. மட்டக்களப்பில் முக்குவர் சமூகத்துக்கு அப்படி ஒரு வழமைச் சட்டம் இருந்தது உண்மை. ஆனால் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு கிழக்கிலங்கைத் தமிழருக்கு அது நடைமுறையில் இல்லை. இன்று உங்களுக்குப் பொருந்துவது பொதுச் சட்டம்தான், கொழும்பிலோ மாத்தறையிலோ இருக்கும் ஒருவருக்குப் பொருந்துகிற அதே சட்டம். குடி, அதாவது குலம், தாய்வழி வருகிறது, கோயிலில் எந்தக் குடிக்கு என்ன உரிமை என்பது இன்றும் அதன்படிதான், யாரை யார் கட்டலாம் என்பதுகூட அப்படித்தான். காணிப் பதிவகத்தில் மட்டும் குடி கேட்கமாட்டார்கள்.

அதோடு, அந்தப் பழைய சட்டம் இருந்திருந்தால் உங்களுக்கு நல்லது என்று நினைப்பதும் அவ்வளவு சரியில்லை. அதன்படி முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, பெண் வழியாகக் கடந்து போனது, ஆனால் மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கையின் ஆண் பிள்ளைக்கு என்ற கணக்கில். கையாண்டது பெரும்பாலும் ஆண்கள். மகளுக்கு வீடு வளவைச் சீதனமாகவே கொடுத்துவிடுகிற இன்றைய பழக்கம் பிறகு பலப்பட்டது. நம் ஊரில் பெண்ணுக்கு வீடு உண்டு என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், அதில் உண்மையும் இருக்கிறது, புருஷனோடு சண்டை வந்தால் வெளியே போக வேண்டியது அவர்தான், அது சின்ன விஷயமில்லை. ஆனால் உறுதி அம்மாவின் பெயரில், அதை ஈடு வைக்கும் முடிவு அப்பாவினுடையது என்று ஓடிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாய்வழி என்றால் தாயாட்சி இல்லை.

இன்னொன்று. காணியை வாயால் கொடுக்க முடியாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது: நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் காணி கைமாறும். கல்யாணப் பந்தலில் ஊரே கேட்க அம்மா சொன்னாலும் அது உறுதி ஆகாது. அம்மம்மா 1979 இல் காசைச் செலவழித்து நொத்தாரிசிடம் போனாரே, அந்தத் தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது. சுனாமிக்கும் யுத்தத்துக்கும் நடுவில் கல்யாணம் நடந்த உங்கள் தலைமுறையில்தான் இது விடுபட்டுப் போயிருக்கிறது, அதற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது.

கடற்கரை வளவு

முதலில் சுலபமானது. உறுதி கடலோடு போனாலும் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு உறுதி முடித்ததும் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆகவே அம்மாவின் பெயரையும் வருஷத்தையும் இடத்தையும் கொடுத்து மட்டக்களப்புப் பதிவகத்தில் தேடுதல் போட்டால் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். இதை இந்த மாதமே செய்யுங்கள்.

இனிப் பங்கு. அம்மா மரண சாசனம் எழுதாமல் இறந்தார். அப்போது பாதி அப்பாவுக்கு, மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. அப்பா இறந்ததும் அவருடைய பாதியும் அதே மூன்று பேருக்கு. கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. சட்டத்துக்கு ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இங்கே இல்லை. அண்ணனுக்கு வளவில் பங்கு உண்டு தங்கச்சி, உங்களுக்கும் உண்டு. தங்கை தன் முழுச் சம்பாத்தியத்தையும் போட்டுக் கட்டிய வீடு, சட்டப்படி மூன்று பேருக்குப் பொதுவான மண்ணில் நிற்கிறது.

தங்கை பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கிறாரே, ஆட்சி உரிமை வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வருஷம் என்பது 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதுதான், வெளியாளுக்கு எதிராக என்றால் சரி. கூடப் பிறந்தவர்கள் பங்காளிகளாக இருக்கும் காணியில் ஒருவர் இருப்பது எல்லாருக்காகவும் இருப்பதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், கொரெயா எதிர் அப்புகாமி என்ற 1911 ஆம் ஆண்டு வழக்கிலிருந்து அதுதான் நிலை. உனக்குப் பங்கு இல்லை என்று அண்ணனின் முகத்துக்கு நேரே மறுத்து, அதன் பிறகு பத்து வருஷம் இருந்ததாகக் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, தைப்பொங்கலுக்கு எல்லாரும் அந்த வளவில்தான் கூடியிருக்கிறீர்கள். எனவே அதை நம்பி வழக்குக்குப் போகச் சொல்லமாட்டேன். கட்டிய வீட்டின் பெறுமதியைக் கேட்டு வாங்கும் உரிமை தங்கைக்கு இருக்கிறது, அது வேறு.

இங்கே செய்ய வேண்டியது, நீங்களும் அண்ணனும் உங்கள் பங்குகளைத் தங்கைக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுப்பது. அண்ணன் காசு கேட்டால் அவருடைய மூன்றில் ஒன்றுக்கு நியாயமான ஒரு தொகை பேசலாம், தனியார் காணி என்பதால் அது சட்டப்படி சரியான கொடுக்கல் வாங்கல். ஆனால் பேசும்போது ஒன்றைக் கேளுங்கள்: அவர் இருக்கும் வீடு யாருடையது? மச்சாளின் சீதன வீடு. மச்சாளுக்கும் அண்ணன் தம்பி இருப்பார்கள், அவர்கள் நாளைக்கு வந்து பங்கு கேட்டால் இவர் எங்கே போவார்? வழக்கம் சட்டமில்லை என்று மேலே எழுதினேன், ஆனால் அண்ணன் அந்த வழக்கத்தின் நிழலில் இருந்துகொண்டுதான் இங்கே வந்து சட்டம் பேசுகிறார். ஊர்ப் பெரியவர்கள், கோயில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) யாரையாவது வைத்துச் சொன்னால் இந்த வாதம் எடுபடும், நீதிமன்றத்தில் எடுபடாது. எடுபடுகிற இடத்தில் அதைப் பாவியுங்கள்.

பெர்மிட் வீடு

இதுதான் சிக்கல். இங்கே மேலே சொன்ன மூன்றில் ஒன்று கணக்கே வராது. அரச காணி பெர்மிட்டும் அளிப்புப் பத்திரமும் (பெர்மிட்டுக்குப் பிறகு கிடைக்கும் நிரந்தர உரிமைப் பத்திரம்) 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தால், இறந்தவரின் காணி ஒருவருக்குத்தான் போகும், பங்கு போடமாட்டார்கள். முதலில் உயிரோடு இருக்கும் கணவன் அல்லது மனைவிக்கு. அவர் இல்லாவிட்டால் இறந்தவர் தன் காலத்திலேயே பின்னுரிமையாளராகப் பெயர் கொடுத்துப் பதிந்து வைத்தவருக்கு. அப்படி யாரையும் பதியவில்லை என்றால் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் உள்ள வரிசைப்படி. அந்த வரிசை பல பத்து வருஷங்களாக மகன், பிறகு மகள், பேரன், பிறகு பேத்தி என்றுதான் இருந்தது. ஆறு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன்கூட எல்லா அக்காமாரையும் தாண்டி முன்னால் போய்விடுவான். 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்தது. உங்கள் அப்பா இறந்தது 2021. சட்டத் திருத்தங்கள் பொதுவாகப் பின்னோக்கிப் போவதில்லை, எனவே அண்ணன் பழைய வரிசையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். யாரோ விஷயம் தெரிந்தவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் நின்று யோசித்தால் கோபம் வரும். கடற்கரையில் போனது அம்மாவின் பெயரில் இருந்த அம்மாவின் சொத்து. அதற்குப் பதிலாகக் கிடைத்தது அப்பாவின் பெயரில். விண்ணப்பப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம், அதில் ஆண் பெயரை எழுதுவது எல்லாருக்கும் கைப்பழக்கம். பெண்ணின் பெயரில் வீடு இருந்த கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதைதான், பெண்கள் அமைப்புகள் அப்போதே கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள், அரச காணிச் சட்டத்தில் கூட்டு உரிமைக்கு வழி இல்லை என்ற பதில்தான் வந்தது.

சரி, இப்போது உங்கள் வாதத்துக்கு வருவோம். “அண்ணன் கல்யாணம் முடித்த நாளிலிருந்து இங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லை, அப்பாவைக் கடைசி வரை பார்த்ததும் நான்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டத்தின் 68 ஆம் பிரிவு, பின்னுரிமையாளராகப் பெயர் கொடுக்கப்பட்டவர் அதை வேண்டாம் என்று மறுத்தாலோ, ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சியில் நுழையாவிட்டாலோ அவர் உரிமை தவறியவர் என்கிறது. அட்டவணை வரிசைப்படி வரும் அண்ணனுக்கும் அதே அளவுகோல்தான் என்று நீங்கள் வாதிடலாம். அம்மா ஏற்கெனவே காலமாகிவிட்டதால் அந்த ஆறு மாதம் அப்பா இறந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். அண்ணன் நுழையவில்லை. நீங்கள் அப்போதும் அங்கேதான், இப்போதும் அங்கேதான். வரிசையில் அடுத்தவர்கள் மகள்கள், அதில் மூத்தவர் நீங்கள்.

இது தானாக நடக்காது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, விசாரணை வைக்கச் சொல்லி, சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். அண்ணனும் வந்து தன் பக்கத்தைச் சொல்வார், முடிவு உங்களுக்கு எதிராக வரக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். கொண்டுபோக வேண்டியவை: பெர்மிட் (அல்லது அளிப்பு, கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள், வெறும் வீடு கையளித்த கடிதம் மட்டும் என்றால் நான் சொன்ன கணக்கு முழுக்க மாறும்), அப்பா அம்மாவின் மரணச் சான்றிதழ்கள், மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழ்கள், 2021 தொடக்கம் உங்கள் வீட்டு விலாசத்தில் உள்ள வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சார பில், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதம். அண்ணனின் பெயர் கல்முனைப் பக்க இடாப்பில் இருந்தால் அதன் பிரதியும் எடுங்கள், அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பேசும். போகும்போது காணி உத்தியோகத்தரிடம், அப்பா யாரையாவது பின்னுரிமையாளராகப் பதிந்திருக்கிறாரா என்று கோவையைப் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். உங்கள் பெயரே அதில் இருக்கவும்கூடும், அப்படி என்றால் இத்தனை பேச்சும் தேவையில்லை.

இன்னும் ஒன்று, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பத்து லட்சத்தைக் கொடுத்து அண்ணனிடம் இந்த வீட்டை “வாங்க” வேண்டாம். அரச காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்த உறுதி செல்லாது, முத்திரையில் எழுதினாலும் வெள்ளைத் தாளில் எழுதினாலும் அதே கதிதான், காசு மட்டும் போய்விடும். தனக்கு உரிமை வேண்டாம் என்று அண்ணன் எழுத வேண்டிய இடம் பிரதேச செயலகம். பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், செலவு இல்லை, உறவும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அங்கே இணங்கியதை வளவு விஷயத்தில் நொத்தாரிசும் வீட்டு விஷயத்தில் பிரதேச செயலகமும் முடித்துக் கொடுத்தால்தான் வேலை முடிந்தது.

கணவர் கேட்பது

புருஷன் கையெழுத்து இல்லாமல் மனைவி காணி விற்க முடியாது என்பது தேசவழமை. அது வடக்கு மாகாணத் தமிழருக்கான சட்டம், கிழக்குக்கு அல்ல. உங்களுக்கு 1923 ஆம் ஆண்டு விவாகமான பெண்கள் ஆதனச் சட்டம், அதன்படி உங்கள் பெயரில் உள்ளதை நீங்களே விற்கலாம், எழுதலாம், வைத்திருக்கலாம். (தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டிய மட்டக்களப்புப் பெண்களுக்கு மட்டும் இது வேறு, அந்தத் திருமணம் நீடிக்கும் வரை அந்தச் சட்டம் அவர்களையும் பிடிக்கும். உங்கள் கணவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை, அந்தப் பிரச்சினை இல்லை. காத்தான்குடி, ஏறாவூர் வாசகிகளுக்கும் ஒரு சொல்: வீடு பெண்ணுக்கு என்ற வழக்கம் உங்களிடமும் உண்டு, ஆனால் இறப்புக்குப் பிறகு தனியார் காணியின் பங்கு முஸ்லிம் சட்டப்படி, இங்கே நான் போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.)

பெர்மிட்டை நேரே அவர் பெயருக்கு மாற்ற இப்போது வழியும் இல்லை. அந்த வரிசையில் மருமகன் கிடையாது. முதலில் உங்கள் பெயருக்கு வர வேண்டும், அதன் பிறகு அனுமதி எடுத்து அவருக்கு மாற்றலாம், ஆனால் ஏன்? அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, கட்டார் வெயிலில் உழைத்த காசு சுவரில் இருக்கிறது, நாளைக்கு என் நிலை என்ன என்று அவர் கேட்பது நியாயம். நம் ஊர் ஆண்கள் பலர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. உங்கள் பெயரில் வந்த பிறகு உங்களுக்கு ஏதும் ஆனால், பெயர் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் முதலில் அந்த வீட்டில் இருக்கும் உரிமை கணவருக்குத்தான். பின்னுரிமையாளராகப் பெயர் கொடுக்கப்படாதவர் என்றால் அவரால் விற்க முடியாது, மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும், மற்றபடி சாகும் வரை யாரும் எழுப்ப முடியாது. இதை அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவர் அனுப்பிய காசின் வங்கி ரசீதுகளை ஒரு கோவையில் போட்டு வையுங்கள், அவருக்கும் அது பாதுகாப்பு.

மாறாக அவர் பெயருக்குப் போய்விட்டால், பிறகு பிரிவு வந்தால் அந்த வீட்டில் நீங்கள்தான் இரண்டாவது ஆள். உங்கள் அம்மம்மா, அம்மா ஒருவரும் அந்த இடத்தில் நின்றதில்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீடு உங்கள் பெயருக்கு வந்த கையோடு அவளைப் பின்னுரிமையாளராக நியமித்துக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும், பிறகு பதிவது செல்லாது. கல்யாணம் வரட்டும், அப்போது சீதனமாகப் பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். வீடு கொடுத்தால்தான் கல்யாணம் என்ற கணக்குக்குள் அவளை ஏன் இப்போதே கொண்டுபோக வேண்டும்? அவள் பெயர் அங்கே இருக்கட்டும், கட்டுவதும் கட்டாததும் அவள் இஷ்டம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வளவு விஷயத்தில் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர், அண்ணனிடம் கேட்பதற்கு முன்னால் உங்கள் மூன்றில் ஒன்றை நீங்கள் அவளுக்கு எழுதிவிட்டால், அதன் பிறகு அண்ணனோடு பேசுவது உங்களுக்கும் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.